பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு எந்த நாய்?

பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்க, வயதான பெற்றோர் இருவர் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் நெல்லையின் பாளையங்கோட்டையிலும் பெருமாள்புரத்திலும் ஏராளம். விடுமுறைக்கு வரும் மகன், துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு நாய்க்குட்டியை விட்டுச் செல்வதும் உண்டு. அத்தகைய வீட்டுக்குக் கன்னி என்னும் நாட்டு வேட்டைநாய் இனக் குட்டி, தெருவில் கிடைத்த குட்டி, மீட்கப்பட்ட வளர்ந்த நாய் ஆகிய மூன்றில் எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

கன்னியை நான் உடனே ஒதுக்கிவிடுவேன். 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கோவில்பட்டி வட்டாரத்தின் பெருமை அது என்பதில் மறுப்பில்லை. ஆனால் கரிசல் காட்டில் முயலை விரட்டுவதற்காகவே வளர்க்கப்பட்ட நாய் அது. அந்த வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்டாலும், ஓட வேண்டும் என்ற வேகம் அதன் காலைவிட்டுப் போகவில்லை. அதைப் பத்தடி முற்றத்தில் கட்டிப்போடுவது நாய்க்கும் நல்லதில்லை, வீட்டாருக்கும் நல்லதில்லை.

தெருக்குட்டிக்கு விலை கிடையாது, நம் வெயிலுக்கு ஏற்ற குட்டை முடி, உடல்வாகும் உறுதியானது. செலவும் உழைப்பும் பிறகுதான் தொடங்குகின்றன. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி, பின்னர் மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, இடையிடையே குடற்புழு மருந்து என்று முதல் நான்கு மாதங்கள் மருத்துவமனை வாசலிலேயே கழியும். பார்வோ கிருமி இரண்டொரு நாளில் குட்டியைக் கொன்றுவிடக்கூடும் என்பதால், ஊசிகள் முடியும்வரை தெருவில் இறக்கவும் கூடாது. இரவில் எழுந்து துடைப்பது, கடித்த செருப்பை மாற்றுவது எல்லாம் முப்பது வயதுக்காரருக்கே சலிப்பூட்டும். அதோடு நாயின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகளையும் தாண்டலாம்; இன்று எழுபது வயதாகும் தந்தைக்கு அப்போது எண்பத்திரண்டு.

ஆகவே ஐந்து வயதை ஒட்டிய, மீட்கப்பட்ட நாயே என் தேர்வு. அது எவ்வளவு வளரும், எவ்வளவு குரைக்கும், பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்பவை கொண்டுவருவதற்கு முன்பே தெரிந்துவிடும். காதோரத்தில் சிறு வெட்டு இருந்தால், கருத்தடைத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சை முடிந்த நாய் என்று பொருள். எனினும் அதன் பழைய காயங்களை எந்தச் சான்றிதழும் சொல்லாது. கம்பால் அடிவாங்கிய நாய், தாத்தாவின் ஊன்றுகோலைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒடுங்கும். முதல் சில நாள் சோற்றைத் தொடாமலும் இருக்கும். நாயின் அச்சம் தெளிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பழக மூன்று வாரம், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். முடிவெடுக்கும் முன் இரண்டு மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். வாரைப் பிடித்து நடத்திப் பார்க்க வேண்டியவர் மகன் அல்லர், தாயோ தந்தையோதான். அந்த வயதில் நாய் இழுத்து ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பே முறியக்கூடும்.

எந்த நாயானாலும் சில பொறுப்புகள் மாறுவதில்லை. வெறிநோய் ஊசி ஆண்டுதோறும் தேவை. தேங்காய்ப்பால் குழம்பான சொதி மீந்துவிட்டது என்று சோற்றில் ஊற்றிவிடக் கூடாது, ஏனெனில் அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழியெலும்பும் குடலைக் குத்தும். அக்கினி நட்சத்திர வெயிலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதால், காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுவது நல்லது. உண்ணிக் காய்ச்சலால் நாய் துவண்டுபோனால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோகலாம். நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர் ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது அதனினும் முக்கியம்.

இன்னொரு கேள்வியை மகனிடமே கேட்க வேண்டும். மருமகளின் பேறுகாலத்துக்கென்று பெற்றோரை ஆறு மாதம் வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்ளும்போது, அந்த நாய்க்கு யார் சோறு வைப்பார்?