ஈபி போனாலும் வீடு ஓடணும்: சோலார் பேட்டரி மைக்ரோகிரிட், சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பட்டுக்கோட்டை பக்கம் தோப்புக்குள் வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த கம்பங்கள் நிமிர்ந்து கரண்ட் வர வாரக்கணக்கில் காத்திருந்தவர்களில் நாங்களும் உண்டு. பிறகு சேர்த்து வைத்ததுதான் இந்த மைக்ரோகிரிட், அதாவது ஈபி இல்லாமலும் தனியாக ஓடும் வீட்டு மின் அமைப்பு: 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் (ஈபி, பேனல், பேட்டரி மூன்றையும் சேர்த்து ஓட்டுவது), கூரையில் பேனல், 51.2 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் பேட்டரி (சுமார் 10 யூனிட் பிடிக்கும்), கடைசித் துணைக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர். பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு மட்டும் சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் சோலார் ஈபி போனதும் தானும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. அதனால்தான் ஹைபிரிட்.

ஈபி போவதும் வருவதும் இப்போது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளேயே ஏதாவது பழுதானால் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம். விற்பவர்கள் அதைப் பேசுவதே இல்லை.

ஒரு மழைநாள் இரவு, வெளி விளக்குக்குப் போகும் வயரில் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனது. ஈபியில் இருந்திருந்தால் அந்த ஒரு எம்சிபி (கரண்ட் மீறினால் தானாக விழும் சுவிட்ச்) மட்டும் விழுந்திருக்கும். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் எம்சிபி அசையவில்லை. இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு மொத்த வீட்டையும் இருட்டாக்கியது. கணக்கு எளிது. சி-16 (சி வகை, 16 ஆம்பியர்) எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் பாய வேண்டும். ஈபி லைன் அதைத் தரும். 5 கிலோவாட் இன்வெர்ட்டரின் முழு லோடே 22 ஆம்பியர்தான். திணறித் திணறி இரண்டு மடங்கு தரலாம், அதுவும் சில நொடிக்கு. எலக்ட்ரீசியனை வைத்து லைட், பேன் சர்க்யூட்டுகளைச் சின்னச் சின்னதாகப் பிரித்து பி-6 (பி வகை, 6 ஆம்பியர்) எம்சிபி போட்டோம். அது 18 முதல் 30 ஆம்பியருக்குள் விழுந்துவிடும். அதன்பின் ஒரு தடவை சீலிங் பேன் ஒன்று ஷார்ட் ஆனது, அந்த அறை மட்டும் அணைந்தது. மொத்தச் செலவில் இது தூசு. பலன் என்னவோ இதில்தான் அதிகம்.

அடுத்தது எர்த். ஈபி போனதும் இன்வெர்ட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டையுமே லைனிலிருந்து கழற்றிவிடுகிறது. அப்போது இன்வெர்ட்டர் பக்கத்து நியூட்ரலை எர்த்தோடு சேர்க்க ஒரு ரிலே (தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) வேண்டும். ஈபி வந்ததும் அது விலகிவிட வேண்டும். ரிலே இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும்போது எர்த் லீக்கேஜுக்கு ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது. அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்: பட்டன் எர்த்தைத் தொடுவதே இல்லை, ரிலே இல்லாவிட்டாலும் விழுந்து காட்டும். பேஸிலிருந்து எர்த்துக்கு லீக்கேஜ் கொடுக்கும் டெஸ்டரை வைத்து, ஈபி மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

'ஸ்மார்ட்' சமாச்சாரம்? இன்வெர்ட்டரை மொபைலில் பார்க்கும் ஆப் அழகாக இருக்கிறது. புயலன்று நெட் இருக்காது, ஆப்பும் இருக்காது. அதனால் இன்வெர்ட்டர் திரையிலேயே எல்லாவற்றையும் மாற்ற முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பேட்டரியும் இன்வெர்ட்டரும் பேசிக்கொள்ளும் கேபிளை எலி கடித்தபோது பேட்டரி முழுசாக இருந்தும் சிஸ்டம் நின்றது. இப்போது கேபிள் பைப்புக்குள் போகிறது. பேச்சு அறுந்தால் வோல்டேஜை வைத்து ஓடும்படி செட்டிங்கும் மாற்றியாகிவிட்டது. ஆனால் எங்களுடைய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் பாதி சார்ஜுக்கும் முக்கால் சார்ஜுக்கும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே பேட்டரியை நிறுத்தும் கட்-ஆஃப் வோல்டேஜைச் சற்று மேலேயே வைத்திருக்கிறோம்.

இன்னும் தீராதது ஒன்று: இன்வெர்ட்டர் போர்டே போனால் பைபாஸ் சுவிட்சைத் திருப்பி ஈபிக்கோ ஜெனரேட்டருக்கோ போகலாம், அதோடு சரி, பேனலும் பேட்டரியும் சும்மா கிடக்கும். இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் பேரலலில் (இணையாக) ஓடும் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் இரண்டு எடுப்பேன். விலை கூடும்தான். ஒன்று படுத்தாலும் மற்றதை வைத்து ஃப்ரிட்ஜும் 1 எச்பி மோட்டாரும் ஓடுமா என்பதை, காசு கொடுக்கும் முன் கண்ணெதிரே ஒன்றை அணைத்துக் காட்டச் சொல்வேன்.