கியர் ஒயிலும் கூலன்றும்: கொக்குவில் ஒழுங்கைக் கராஜ் ஒன்றைப் பற்றி

ஓட்டோ கியர் வாகனத்தின் கியர் ஒயிலையும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான ரேடியேற்றர் கூலன்றையும் ஒன்றோடொன்று தொடர்புள்ள ஒரே வேலையாக எடுத்துச் செய்யும் கராஜ்கள், நான் அறிந்தவரை, யாழ்ப்பாணத்தில் அதிகமில்லை. ஆடியபாதம் வீதியிலிருந்து கொக்குவில் பக்கம் பிரியும் ஓர் ஒழுங்கைக்குள் பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் சிறிய கராஜ் ஒன்று அப்படிச் செய்கிறது. என் ரொயோட்டா கொறொல்லா 121 காருக்கு இரண்டு வேலையையும் அங்கேயே செய்வித்தேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் புதிய வாகனத்தின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், பழைய கார்களைக் காப்பாற்றி ஓட வேண்டியவர்களுக்கு இந்த விபரம் பயன்படும்.

இந்த வகைக் கார்களில் கியர் பொக்ஸிலிருந்து வரும் சூடான ஒயில், ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் சிறு குளிராக்கியினூடாகச் சென்று, அதைச் சூழ்ந்திருக்கும் கூலன்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. ஆகவே கூலன்ற் கெட்டால் எஞ்சினோடு சேர்ந்து கியரும் வேகும். குளிராக்கி அரித்துத் துளை விழுந்தால் இரண்டு திரவமும் கலந்து, கியருக்குள் இருக்கும் கிளச் தகடுகளின் உராய்வுப் படை கழன்று, கியர் பொக்ஸையே கழற்ற வேண்டி வரும். நம்முடைய நிலம் சுண்ணாம்புக்கல் நிலம்; கிணற்று நீர் வன்னீர். கூலன்ற் குறைந்ததும் ஒரு வாளி கிணற்று நீரை ஊற்றிக்கொள்ளும் பழக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. கேத்திலின் அடியில் படிவது போன்ற அதே வெண்படிவுதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. இந்தக் கராஜில் கிணறு பக்கத்திலேயே இருந்தும், கழுவுவதற்குக்கூடக் காய்ச்சி வடித்த நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கு முதலில் நம்பிக்கை வந்தது அதைப் பார்த்தபோதுதான்.

கியர் ஒயில் வேலையை அவர்கள் தொடங்குவது ஒரு வெள்ளைத் தாளில். அளவுக் கம்பியிலுள்ள ஒயிலைத் தாளில் தொட்டு, நிறத்தையும் மணத்தையும் பார்க்கிறார்கள். தெளிந்த சிவப்பா, கருகிய பழுப்பா, உலோகத் துகள் மினுங்குகிறதா என்று எனக்கும் காட்டினார்கள். இந்தக் காருக்கு உரியது ரொயோட்டா ரி-ஃபோர் வகை ஒயில். பின்னர் வந்த டபிள்யூ-எஸ் வகை அதைவிட மெல்லியது. ஒன்றுக்குப் பதில் மற்றதை விடக்கூடாது. இதை விளக்கிய பின்னரே, முத்திரை உடையாத 4 லீற்றர் ரின்னை என் கண்முன் திறந்தார்கள். போலி ஒயில் பற்றிய பயம் எல்லோருக்கும் இருக்கும் காலத்தில் இது சிறிய விடயமன்று.

கீழ்த் திருகைக் கழற்றினால் வருவது ஏறத்தாழ 3 லீற்றர் மட்டுமே. மீதி, எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் ரோர்க் கொன்வேர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. மொத்தம் 7 லீற்றருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை மாற்றுவதால் பாதிக்கும் குறைவான ஒயிலே புதிதாகிறது. இடைவெளி விட்டு மூன்று முறை மாற்றினால் ஐந்தில் நான்கு பங்கு புதிதாகிவிடும். மெஷினால் அழுத்தம் கொடுத்து ஒரேயடியாக மாற்றலாமா என்று கேட்டேன். “கனகாலம் மாத்தாத கியருக்கு அது வேண்டாம் தம்பி. அடியில கிடக்கிற ஊத்தை கிளம்பி வால்வுக்குள்ள போய் இருந்திடும். அளந்து எடுத்ததை அளந்து விடுவம்” என்றார் உரிமையாளர். வருமானம் கூடிய வேலையை வேண்டாம் என்று சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். வெளியேறிய ஒயிலை அளவுக் குவளையில் காட்டி, அதே அளவை விட்டு, எஞ்சின் ஓட ஒவ்வொரு கியருக்கும் மாற்றி, ஒரு சுற்று ஓடிவந்து, சூடான நிலையில் கம்பியின் ‘ஹொட்’ கோடுகளுக்கிடையே நிற்கிறதா என்று பார்த்துத்தான் விட்டார்கள். எஞ்சிய ஒயிலையும் ரின்னோடு தந்தார்கள்.

கூலன்ற் வேலையை எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே தொடுகிறார்கள். பல இடங்களில் ரேடியேற்றரை மட்டும் வடித்துவிட்டு நிரப்புவார்கள். எஞ்சினுக்குள் இருக்கும் பழையது அப்படியே தங்கும். இங்கே எஞ்சின் பக்கத்தையும் வடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் யாரும் ஹீற்றர் போடுவதில்லை என்பதால் அந்தக் குழாய்களில் தேங்கிய நீரை மறந்துவிடுவோம். இங்கே ஹீற்றரை முழுச் சூட்டில் திறந்துவைத்து அவற்றையும் கழுவினார்கள். நிரப்பியது ரொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ற். கலந்தே வருவதால் நீர் சேர்க்கத் தேவையில்லை. கூலன்ற் சூடானதும் அதற்கு வழிவிடும் வால்வான தேமோஸ்ரற் திறந்து கீழ்க் குழாய் சூடாகும்வரை காத்திருந்து காற்றை வெளியேற்றினார்கள். ரேடியேற்றர் மூடியை அழுத்தமானியில் சோதித்து, அது தளர்ந்திருந்ததால் மாற்றினார்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கூலன்றின் கொதிநிலை உயரும். மின்விசிறியும் பார்க்கப்பட்டது.

குறைகளும் உண்டு. செய்த வேலையையும் கிலோமீற்றரையும் எழுதிய பில் தருவதில்லை. நானே கேட்டு ஒரு தாளில் எழுதுவித்தேன். கார் விற்கும்போது அந்தப் பதிவு வேண்டும் என்பதால் இதை அவர்கள் வழக்கமாக்க வேண்டும். வேலை செய்பவர்கள் இருவர் மட்டுமே என்பதால் முன்கூட்டிச் சொல்லாமல் போனால் நாள் வீணாகும். சொல்லிப் போனாலும் ஒரு முழுப் பகல் தேவை. கட்டணம் சாதாரண சேர்விஸ் நிலையங்களைவிடக் கூடுதல், ஆனால் செலவாகும் நேரத்துக்கு அது நியாயமானதே.

அளவுக் கம்பி இல்லாத பிற்காலக் கார்களில், ஒயிலைக் குறித்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்து வழிவுத் துளையால் அளவு பார்க்க வேண்டும். அந்த வெப்பநிலையைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இங்கே இல்லை; அப்படிப்பட்ட காரோடு வந்த ஒருவரை, வேறிடம் போகும்படி சொல்லித் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். படிப்படியாக மாறாமல் தொடர்ச்சியாக மாறும் சிவிரி (CVT) கியர் உள்ள ரொயோட்டா அக்ஸியோ போன்ற கார்களுக்கு ஒயிலே வேறு என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் உரிய ஒயில் கையிருப்பில் உள்ளதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.