9,000 பி.ரி.யு. ஏசியும் அத்தானின் விறாந்தையும்

துணிக்காகத்தான் ஏசி வாங்கினேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெரியகல்லாற்றில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன், பள்ளிக்கூடச் சீருடைதான் அதிகம். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வியர்வை விழுந்து காய்ந்தால் மஞ்சளாக நிற்கும். மின்விசிறியைப் போட்டால் வெட்டி வைத்த கைத்துண்டும் கொலரும் அறை முழுக்கப் பறக்கும். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் கடற்காற்று கரையேறாது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வருகிற காற்று அடுப்பு வாயைத் திறந்தது போல இருக்கும். அப்படி ஒரு கச்சான் காலத்தில் மூன்று சட்டைத் துணிக்கு என் கைக்காசைப் போட்ட பிறகுதான் முடிவெடுத்தேன்.

பதினாலு மாதம் பாவித்துவிட்டேன். அதனால் இதை எழுதலாம் என்று நினைக்கிறேன். கடையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. எனக்கு வந்த சிக்கல் எந்தக் கடையில் வாங்கினாலும் வரக்கூடியது.

கல்முனையில் வாங்கினேன். குளிர்விக்கும் அளவு 9,000 பி.ரி.யு., இன்வேர்ட்டர் வகை, உள்ளே சுற்றிக் குளிர்விப்பது ஆர்-32 என்ற காஸ். தவணை முறையில் ஒரு இலட்சத்து எழுபதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட வந்தது. கடைத் தம்பி நல்ல மரியாதையான பிள்ளை. அறை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று கேட்டார். பத்துக்குப் பன்னிரண்டு என்றேன். "அப்ப ஒன்பதாயிரம் காணும் அன்ரி" என்றார். கூரை என்ன கூரை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எங்கள் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டியது. சீற் கூரை, கீழே சீலிங் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தச் சீற்றைக் கையால் தொட முடியாது. முதல் வாரம் ரிமோட்டில் 18 என்று வைத்தும் இரண்டு மணிக்கு அறையில் 30 பாகை. மகள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அவள் கொண்டு வந்த வெப்பமானியில் பார்த்தது. இன்வேர்ட்டர் என்றால் அறை குளிர்ந்ததும் கொம்பிரசர் மெதுவாக ஓட வேண்டும், அதில்தான் கரண்ட் மிச்சம். என்னுடையது காலை தொடங்கி மாலை வரை மூச்சு வாங்கிக்கொண்டே ஓடியது. கடைக்குப் போன் எடுத்தால் "ரிமோட்டை 16-க்கு வையுங்கள்" என்கிறார்கள். கடைசியில் ஊர்த் தச்சரைப் பிடித்து சீலிங் அடித்தேன். அதற்குப் பிறகு இருபது நிமிடத்தில் 26 பாகை வந்துவிடுகிறது. கதவின் கீழ் இடைவெளிக்குப் பழைய புடவையைச் சுருட்டி வைத்தேன். அதுவும் வேலை செய்கிறது. ஆகவே சீற் வீட்டுக்காரர் முதலில் சீலிங்குக்குக் காசு சேருங்கள். ஏசி அதற்குப் பிறகு.

மெஷினைப் பற்றிச் சொன்னால், குளிர் குறை சொல்ல முடியாது. சத்தம் இல்லை, தையல் மெஷின்தான் சத்தம். மாலையில் வோல்ற்றேஜ் இறங்கும்போது நின்று நின்று ஓடியது, ஸ்டெபிலைசர் போட்டதும் சரி. கரண்ட் பில்தான் பெரிய விஷயம். முன்பு மாதம் 85 யூனிட் போன வீடு இப்போது 170, 175. மின்சார சபையின் கணக்கில் 180-ஐத் தாண்டினால் அடுத்த படிக்குப் போய்விடும். ஆகவே மாதக் கடைசி வாரத்தில் நான் மீற்றருக்கு முன்னால் போய் நிற்பதைப் பார்த்து அக்கா சிரிப்பாள். 26-க்குக் கீழே வைப்பதில்லை. ஒரு பாகை குறைத்தாலும் பில் காட்டிக் கொடுக்கிறது.

சரி, இப்போது வெளிப் பெட்டிக்கு வருகிறேன். சண்டை அங்கேதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, பெண் பிள்ளைகளுக்குத்தான் வளவு. அம்மாவின் வளவைப் பிரித்து கிழக்குப் பக்கம் அக்காவுக்கு, மேற்குப் பக்கம் எனக்கு. நடுவில் ஒரு மதில். ஏசி பொருத்த வந்தவர்கள் குழாய் குறைவாகப் போகும் என்று கிழக்குச் சுவரிலேயே வெளிப் பெட்டியை மாட்டினார்கள். பத்து அடிக் குழாய் இலவசம், அதற்கு மேல் அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. நானும் காசு மிச்சம் என்று சம்மதித்தேன். அதன் வாய் பார்த்தது மதிலுக்கு மேலாக அத்தானின் விறாந்தையை.

அத்தான் கமக்காரன். படுவான்கரையில் வயல். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுப்பார். மூன்றாம் நாள் மதிலுக்கு மேலால் தலை நீட்டினார். "என்ன புள்ள, உங்கட வெக்கைய எல்லாம் எனக்கு அனுப்புறயா?"

உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மகள் விளக்கினாள். ஏசி குளிரை உண்டாக்குவதே இல்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு யூனிட் கரண்டைத் தின்று ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பத்தை அள்ளுமாம், வெளியே கொட்டும்போது தின்றதையும் சேர்த்து நாலாகக் கொட்டும். என் அறையில் குறைந்ததைவிட அத்தானின் விறாந்தையில் கூடியதுதான் அதிகம். மதிலோரம் நின்ற அக்காவின் கறிவேப்பிலைக் கன்று ஒரு மாதத்தில் கருகிப் போனது. அதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூகோள வெப்பமடைதல் என்பதே வெள்ளைக்காரனின் வியாபாரக் கதை என்று சொல்பவர் அத்தான். அந்தப் பெட்டி வந்த பிறகு மதிலடியில் தினமும் அதே விவாதம். மகள் லீவில் நின்றால் இன்னும் சூடு.

"எழுவத்தெட்டில சூறாவளி அடிச்சுதே, அப்ப ஆரிட்ட ஏசி இருந்தது?" என்பார். 1978 நவம்பர் 23. அம்மா சொல்லிச் சொல்லி எனக்கும் பார்த்தது போலவே இருக்கிறது. தென்னையெல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்ததாம். அது நியாயமான கேள்வி. ஒரு சூறாவளியைக் காட்டி "இதோ பார், உலகம் சூடாகிவிட்டது" என்று சொல்பவர்களை எனக்கும் பிடிக்காது. சூறாவளி எப்போதும் வந்தது, இனியும் வரும். ஆனால் உலகத்தில் மிச்சமாகச் சேருகிற வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. சூறாவளிக்குச் சாப்பாடு கடலின் சூடு. ஆகவே எத்தனை வரும் என்பதைவிட, வருவது எவ்வளவு மழையையும் பலத்தையும் கொண்டு வரும் என்பதுதான் பயம்.

அடுத்தது சூரியன். "சூரியன் கூடினா சூடு கூடும், அதுக்கு நாம என்ன செய்யிறது?" இதற்கு மகள் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. சூரியன்தான் காரணம் என்றால் மேலே உள்ள காற்று அடுக்கான படைமண்டலமும் சேர்ந்து சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழே சூடாகிறது, மேலே குளிர்கிறது. வெப்பம் மேலே போக விடாமல் கீழேயே பிடித்து வைக்கப்படுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். என் சீற் கூரைக்குக் கீழே சீலிங் அடித்ததும் சீலிங்குக்கும் சீற்றுக்கும் நடுவில் வெந்து போகிறது, அறை குளிர்கிறது. அதையே தலைகீழாக நினைத்துக்கொண்டேன். மகள் இந்த உதாரணம் சரியில்லை என்றாள். எனக்கு விளங்கிவிட்டது, போதும்.

காபனீரொட்சைட்டு கூடினால் பூமி சூடாகும் என்று சுவீடன்காரர் அரீனியஸ் 1896-இலேயே கணக்குப் போட்டுவிட்டார். அப்போது இந்த ஊரில் மின்சாரமே கிடையாது. இயந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டுதான் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிகச் சூடான ஆண்டு. பழைய காலத்தைவிட ஒன்றரைப் பாகைக்கு மேலே போனதும் அந்த ஆண்டுதான் முதல் தடவை. ஒன்றரைப் பாகை ஒரு பெரிய விஷயமா என்று அத்தான் கேட்டார். மனிதருக்குக் காய்ச்சல் 98.6-இலிருந்து எத்தனைக்குப் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குகிறோம் என்று கேட்டேன். பதில் இல்லை, வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

ஆனால் அவரை அசைத்தது இது ஒன்றும் இல்லை. நெல்தான். போன சிறுபோகத்தில் கதிர் பார்க்க நன்றாகவே நின்றது, வெட்டினால் பாதி பதர். உரம் சரியில்லை, விதை சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். உரத்தையும் குறை சொல்ல இடமுண்டு. 2021-இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தி விவசாயியைப் படுத்திய பாடு யாருக்கு மறக்கும்? ஆனால் நெல் காலையில்தான் பூக்கும், பூக்கிற அந்த மணித்தியாலங்களில் சூடு 35 பாகைக்கு மேலே போனால் மகரந்தம் கெட்டுப் பதராகும் என்று மகள் சொன்னபோது அத்தான் வாயை மூடிக்கொண்டார். மறுகா மெதுவாக, "பூத்த கிழமை கச்சான் தான் புள்ள அடிச்சது" என்றார். அந்த வருடத்துப் பதருக்குக் காரணம் அதுதான் என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு வியாபாரக் கதை என்று அவர் சொல்லவில்லை.

பூமி வெடித்துச் சிதறும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு நாடா மாதிரிக் கிடக்கிறது. கடல் ஆண்டுக்கு நாலைந்து மில்லிமீற்றர் உயர்கிறது என்கிறார்கள். ஊசி நூல் அளவுதான். நான் தையல்காரி, நூல் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இனி காஸ் கதை. ஐந்தாவது மாதம் குளிர் குறைந்தது. கடை அனுப்பிய ஏசி திருத்துகிற பாஸ் வந்து, "காஸ் குறைஞ்சிட்டு, அடிச்சு விடுறன்" என்றார். அடித்தார், காசு வாங்கினார், போனார். இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே. காஸ் என்ன மண்ணெண்ணெயா, எரிந்து தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றுவது எப்படிக் குறையும்? வேறொரு பாஸைக் கூப்பிட்டேன். அவர் சவர்க்கார நுரையைத் தடவி, வெளிப் பெட்டிக்கு வருகிற செப்புக் குழாயின் நட்டில் குமிழி வருவதைக் காட்டினார். உப்புக்காற்றில் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாகப் போயிருந்தது. மாற்றினார், அதோடு நின்றது. கடற்கரை ஊரில் உள்ளவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: காஸ் அடிக்க வருபவர் முதலில் ஓட்டையைத் தேட வேண்டும். மாதம் ஒருமுறை வெளிப் பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

காசு போனதைவிட மகள் போட்ட கணக்குத்தான் எனக்குச் சுட்டது. ஆர்-32 ஒரு கிலோ காற்றில் கலந்தால் 675 கிலோ காபனீரொட்சைட்டு கலந்ததற்குச் சமம். என் மெஷினுக்குள் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பழைய ஏசிகளில் வருகிற ஆர்-410ஏ என்றால் 2,088 மடங்கு. ஆர்-290 என்று புரொப்பேன் காஸில் ஓடும் ஏசி வந்திருக்கிறதாம், அதில் இந்தத் தொல்லை ஏறத்தாழ இல்லை. ஆனால் தீப்பற்றும், பொருத்தத் தெரிந்தவர் வேண்டும். ஓசோனைத் தின்ற காஸ்களை 1987 மொன்றியல் உடன்படிக்கையில் கைவிடத் தொடங்கினார்கள், அது பலித்தது. 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் கூடி இந்தக் காஸ்களையும் குறைப்பதாகச் சம்மதித்தார்கள். உலகம் ஒன்றும் செய்யாது என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

கரண்டின் பக்கம் அவ்வளவு நல்ல கதை இல்லை. மழை பெய்த வருடத்தில் நீர்மின்சாரம். மழை இல்லாமல் நீர்த்தேக்கம் வற்றுகிற மாதத்திலும் எல்லோரும் ஏசியைப் போடுகிறோம், அப்போது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரியைத்தான் கூடுதலாக நம்புகிறோம். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு. உலகில் 160 கோடி ஏசி இருப்பதாகவும் 2050-இல் 560 கோடியாகலாம் என்றும் சர்வதேச எரிசக்தி முகவரகம் 2018-இல் சொன்னது. அதில் ஒன்று என்னுடையது. வெட்கமாக இருக்கிறதா என்று கேட்டால், கொஞ்சம். கழற்றி விடுவாயா என்று கேட்டால், மாட்டேன்.

வெளிப் பெட்டியை மேற்குச் சுவருக்கு மாற்றினேன். ஒழுங்கைப் பக்கம், யாருடைய விறாந்தையும் இல்லை. பதினைந்து அடிக் குழாய் கூடுதல், கூலியோடு நல்ல செலவு. மேற்கில் பின்னேர வெயில் நேராக அடித்தது, மெஷின் திணறியது. அதற்குக் கிடுகு கொண்டு வந்து, காற்றோட்டம் மறையாமல் மேலே மட்டும் பந்தல் மாதிரிக் கட்டித் தந்தவர் அத்தான்தான். மிச்சக் கிடுகை ஏணி வைத்து சீற்றின் மேலேயும் விரித்துக் கட்டினார். "எங்கட அப்பன்ட காலத்தில இதான் ஏசி" என்றார். அந்த மாதம் பில் 152 யூனிட். சீலிங்கும் கிடுகும் முதலே போட்டிருந்தால் ஏசியைத் தள்ளிப் போட்டிருக்கலாமோ என்னவோ. காற்றுக்காலம் வந்தால் கிடுகை இறக்க வேண்டும், அது ஒரு வேலை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், மெஷினுக்கு நாலு, பொருத்திய வேலைக்கு ஒன்று, கிடுகுக்கு ஐந்து.

இப்போது அத்தான் பகலில் விறாந்தையில் படுப்பதில்லை. பொத்தான் கழன்ற சட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு என் தையல் அறைக்கு வந்துவிடுவார், ஒரு மணித்தியாலம் பேப்பர் பார்ப்பார். நேற்றும் வந்தார், அதே சட்டை. "கொஞ்சம் குறைச்சு வையன் புள்ள, ஒரு இருவத்திரண்டுக்கு" என்றார். ரிமோட் மேசை லாச்சிக்குள் கிடந்தது, சாவி என் இடுப்பில்.