25 சொற்களில் முடிந்த பரிசோதனை

விடுமுறைக்கு ஊர் வந்த மூன்றாம் நாளே அக்கா என்னைக் காது பரிசோதனைக்கு இழுத்துச் சென்றாள். மூன்று தடவை கூப்பிட்டால்தான் நான் திரும்பிப் பார்க்கிறேனாம். நான் வசிக்கும் நாட்டில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தேன்; இங்கே அன்றைக்கே நேரம் கிடைத்தது.

ஹெட்போனில் ஒலி கேட்டதும் பொத்தானை அமுக்கும் பகுதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லும் சொல் அறிதல் சோதனையில்தான் வித்தியாசம். அங்கே காதுக்கு 50 சொற்கள், பதிவு செய்த குரலில், ஆங்கிலத்தில். இங்கே 25 தமிழ்ச் சொற்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமர்ந்த பெண் தாமே வாசித்தார். அவருடைய உதடுகள் நன்றாகத் தெரிந்தன. நான் குனிந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை, பார்த்தேன்.

வலது காதில் 22 சொற்கள் சரி, அதாவது 88 சதவீதம். அங்கே 50க்கு 40, அதாவது 80. "ஊருக்கு வந்ததும் காது தெளிந்துவிட்டது" என்று அக்கா மகிழ்ந்தாள். அந்தப் பெண் சிரித்தார்: "25 சொல்லில் ஒன்று தவறினால் 4 சதவீதம் போய்விடும், ஐயா. இந்த எட்டு, இரண்டே சொல்தான்."

செவித்திறன் ஆய்வாளர்களான தார்ன்டனும் ராஃபினும் 1978இல் வெளியிட்ட அட்டவணை இதைத்தான் சொல்கிறது. 25 சொற்களில் 80 வாங்கியவர் மறுமுறை 56 முதல் 96 வரை எது வாங்கினாலும் மாற்றம் என்று கொள்ள முடியாது. 50 சொற்கள் என்றால் அந்த இடைவெளி 64 முதல் 92 வரை சுருங்கும். என் விஷயத்தில் மொழியும் மாறியது, குரலும் மாறியது. இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைப்பதே வீண்.

50க்குப் பதில் 25 சொற்களோடு முடிக்கும் குறுக்குவழியை நான் முற்றாகப் பழிக்கவில்லை. கடினமான சொற்களை முதலில் வைத்துப் பத்தோடு நிறுத்தும் முறைகூட உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொல்பவரை மேலும் படுத்துவானேன்? ஆனால் என் இடது காது 64இல் நின்றது. இரு காதுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருந்தால் அது தற்செயலா, கேட்கும் நரம்பில் ஏதேனும் சிக்கலா என்று பார்க்க வேண்டும். அதற்கு 25 போதாது.

முழுப் பட்டியலையும் வாசிக்கக் கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தவர், மறுநாள் காலை வரச் சொன்னார். தமிழில் பதிவு செய்த பட்டியல் அவரிடம் இல்லையாம். மறுநாள் நானே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இடது காதில் 50க்கு 31.