பதில் போடாத கம்பெனிக்கு 45 நாள் கெடு: செர்ட்/சிசி சேவை பற்றி

ரூட்டரிலோ கேமராவிலோ பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்துச் சொல்கிறீர்கள், கம்பெனி பதிலே போடவில்லை. ஊரறியச் சொல்லலாமா? இந்தச் சிக்கலுக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் செர்ட்/சிசியை. ஓட்டை பற்றிய ரிப்போர்ட்டை வாங்கி, கம்பெனியிடம் பேசி, பிறகு ஊரறிய வெளியிடுகிறவர்கள் இவர்கள். 1988-இல் இணையத்தில் தானே பரவி கம்ப்யூட்டர்களை முடக்கிய மோரிஸ் வோர்ம் என்ற புரோகிராமுக்குப் பிறகு தொடங்கிய அமைப்பு. கட்டணமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை.

இதன் பலம் கெடுதான். ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்தாலும் வராவிட்டாலும் 45 நாளில் வெளியிடுவோம் என்பது விதி. ஏற்கெனவே தாக்குதல் நடக்கிறது என்றால் முன்னதாகவும், பலரும் பின்பற்றும் ஒரு தொழில்நுட்ப ஸ்டாண்டர்டையே மாற்ற வேண்டியிருந்தால் தாமதமாகவும் வெளிவரலாம். கூகுளின் ஓட்டை தேடும் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோ தருவது 90 நாள், ஓட்டைகளைப் பணம் கொடுத்து வாங்கும் ஜீரோ டே இனிஷியேட்டிவ் 120 நாள். வாயே திறக்காத கம்பெனிக்கு 45 நாளே தாராளம்.

சொன்னால் திருடனுக்கு வழிகாட்டுவதாகாதா என்பார்கள். 2016-ஐப் பாருங்கள். நெட்கியர் ஆர்7000 ரூட்டரில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவர் ஆகஸ்டிலேயே கம்பெனியிடம் சொல்லியிருந்தார். டிசம்பரில் விஷயம் வெளியே வந்தபோதும் பேட்ச் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு லிங்கைக் கிளிக் செய்தாலே ரூட்டர் முழுக்கக் கைமாறிவிடும் அளவுக்கு மோசமான ஓட்டை. பேட்ச் வரும்வரை அந்த ரூட்டரையே பயன்படுத்தாமல் இருப்பது பற்றி யோசியுங்கள் என்று செர்ட்/சிசி வெளிப்படையாக எழுதியது. தற்காலிக வழியும் தந்தது: அதே ஓட்டை வழியாக ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைக் காட்டும் வெப் சர்வரை நிறுத்திவிடலாம். ரீபூட் செய்தால் மறுபடியும் செய்ய வேண்டும். ரூட்டரைக் கழற்றி வைக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு, சொன்னால்தானே கழற்றுவார்?

ரிப்போர்ட் செர்ட்/சிசியின் வின்ஸ் என்ற இணையதளம் வழியாகப் போக வேண்டும். அக்கவுண்ட் இருந்தால் நீங்கள், கம்பெனி, செர்ட்/சிசி மூவரும் ஒரே இடத்தில் பேசலாம். மாடல், ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) எண், ஓட்டையைத் திரும்ப நிகழ்த்தும் படிகள், கம்பெனிக்கு மெயில் அனுப்பிய தேதிகள் எல்லாம் இருக்கட்டும். சோதனை உங்கள் சொந்தக் கருவியில் மட்டும். பெயர் வெளியே போகக் கூடாதென்றால் ஃபார்மிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கம்பெனிக்குத் தெரிவிப்பார்கள். வெளியிடும் குறிப்பில் கம்பெனிக்கு எந்தத் தேதியில் தகவல் போனது என்பதும், அதனிடமிருந்து அறிக்கை எதுவும் வரவில்லை என்பதும் பதிவாகும். பெரிய கம்பெனிகளை இந்த ஒரு வரி உறுத்தும் என்றே நினைக்கிறோம்.

குறைகள் உண்டு. கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் இவர்களிடம் இல்லை. வருகிற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். பல கம்பெனிகளைப் பாதிக்கிற ஓட்டைக்கு இருக்கும் மவுசு ஒரு சின்ன ஆப்பின் ஓட்டைக்கு இருக்காது. தனிப்பட்ட ஒரு இணையதளத்தின் பிரச்சினைக்கு இது இடமே இல்லை.

செர்ட்/சிசி மறுத்துவிட்டால், ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்ணான சிவிஇ எண்ணை வாங்கிக்கொண்டு, கம்பெனிக்குத் தேதி சொல்லி, நீங்களே வெளியிடலாம். எந்த வெர்ஷன், என்ன ஆபத்து, எந்த வசதியை அணைத்து வைக்கலாம் என்பதை முதலில் எழுதுங்கள். தாக்குதல் நடத்தும் புரோகிராமை அதோடு சேர்த்துப் போட வேண்டாம்.