காப்பீட்டு அட்டை இருந்தும் 1,85,000 ரூபாய் கட்டினோம்

வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி என்று தனியார் மருத்துவமனைக்கு ஓடும் நிலை வந்தால், கவுன்டரில் நீட்டுகிற தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன்.

போன மாதம் நள்ளிரவில் அப்பாவுக்கு வலி வந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் காரில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வாசலில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் போர்டு பெரிதாக இருந்தது, அதை நம்பித்தான் உள்ளே போனோம். ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிட்டு உடனே ஸ்டென்ட், அதாவது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைக்க வேண்டும் என்றார்கள். அட்டையைக் கொடுத்தேன். "அப்ரூவல் வர ரெண்டு நாள் ஆகும் தம்பி. அதுவரை அப்பா தாங்குவாரா, நீங்களே யோசிச்சுக்கோங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஒரு தாள் வந்தது.

'காப்பீடு வேண்டாம், சொந்த விருப்பத்தில் பணம் கட்டிச் சிகிச்சை பெறுகிறோம்' என்று அதில் அச்சடித்திருந்தது எனக்கு மறுவாரம்தான் தெரியும்.

மொத்தம் 1,85,000 ரூபாய். அக்காவின் நகையை அடகு வைத்துக் கட்டினோம். பில்லில் 'பேக்கேஜ்' என்று ஒரே வரி. ஸ்டென்ட்டின் பெயரையும் விலையையும் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விதி. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு அதற்கு உச்சவரம்பு விலை வைத்தது, மருந்து பூசியதற்கு அப்போது 29,600 ரூபாய். இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். எங்களிடம் அதற்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவுக்குப் போனேன். அவசரம் என்றால் போனிலேயே ஒப்புதல் வாங்கலாமாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, பரிசோதனை, மருந்து, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த அலுவலர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் தாளின் நகலைப் பார்த்ததும், "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே சார்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

திட்டத்தில் தரும் தொகை கட்டுப்படியாகவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் சொல்வதுண்டு. சரி, அப்படியானால் திட்டத்திலிருந்து விலகிப் போர்டைக் கழற்றட்டும். நம் வரிப்பணத்தில் நடக்கும் திட்டத்தின் பெயரைக் காட்டி ஆளை உள்ளே இழுத்துவிட்டு, உயிர்பயத்தில் இருப்பவரிடம் அதையே வேண்டாம் என்று எழுதி வாங்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதே ஊரில் அரசு இராசாசி மருத்துவமனையிலும் ஸ்டென்ட் வைக்கிறார்கள். அந்த ராத்திரி எங்களுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அட்டையை மறுத்தால் அங்கேயே நின்று காப்பீட்டுத் திட்டத்தின் 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்கள். யார் மறுத்தார், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பணத்துக்கும் ரசீது கேளுங்கள். அப்பா இப்போது மெதுவாக நடக்கிறார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.