மலையக ஏற்றத்துக்கு முன் கியர்: 39 பல்லா, 34 பல்லா, மூன்று ரிங்கா?

மலையகத்தில் ஓடும் ரேஸ் சைக்கிள்களில் பல ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள்கள்தான். அவற்றில் முன்னால், மிதியோடு சுற்றும் ரிங் எனும் பல்சக்கரங்களில், பெரும்பாலும் 53/39 இருக்கும் (பெரிய ரிங்கில் 53 பல், சின்னதில் 39), இன்னும் பழசு என்றால் 52/42. சமதரை ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு அது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் ஏ5 வீதியில் முன்னால் 39, பின்னால் 25 பல்லோடு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்குக் கிட்டே வந்துவிடும். லபுக்கலைக்கு மேலே அந்த வேகத்தைப் பிடித்து நிற்பது நம்மில் எத்தனை பேரால் முடியும்? வேகம் குறையும்போது மிதியும் குறையும், பாரம் முழுக்க முழங்காலுக்குப் போகும்.

நான் முன்னால் 50/34, பின்னால் 11-32 (சின்னப் பல்சக்கரத்தில் 11 பல், பெரியதில் 32) என்று மாற்றி ஓட்டுகிறேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்குவதற்கும் முன்னால் கிராங்கில், அதாவது மிதி பூட்டிய தண்டில், ரிங்கைப் பிடிக்கும் கை எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து கை என்றால் பக்கத்துப் பக்கத்து போல்ட் இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அடிமட்டம் வைத்து அளக்க வேண்டும். 76 மில்லிமீட்டர் சொச்சம் வந்தால் போல்ட்டுகள் நிற்பது 130 மி.மீ. விட்டமுள்ள வட்டம். அதில் 38 பல்லுக்குக் குறைந்த ரிங் பூட்டவே இடமில்லை, ஆகவே 34 ரிங் மட்டும் வாங்கி வந்து பயனில்லை, முழுக் கிராங்கும் மாற வேண்டும். 65 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் அது 110 மி.மீ. வட்டம், 34 நேராகப் பூட்டலாம். ஷிமானோவின் நான்கு கைக் கிராங்க் என்றால் இன்னும் நல்லது: 53/39, 52/36, 50/34 எல்லாம் ஒரே 110 மி.மீ. வட்டத்தில் வருகின்றன, ரிங் சோடியை மட்டும் மாற்றினால் போதும்.

இனி இந்த வழிகளுக்கு இடையிலான போட்டிக்கு வருவோம். முன்னால் கைவைக்காமல் பின் கேசட்டை, அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதியை, மட்டும் பெரிதாக்குவதுதான் பலரும் சொல்லும் வழி. கணக்கில் அதில் பிழை இல்லை. 39/32-உம் (முன் 39, பின் 32) 34/28-உம் ஏறக்குறைய ஒரே கியர், 60 சுற்றில் இரண்டுமே மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சிக்கல் பின் டிரெய்லியரில், அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றித் தொய்வையும் இழுத்துப் பிடிக்கும் கருவியில், இருக்கிறது. பழைய ரேஸ் சைக்கிளில் வருவது குட்டைக் கூண்டு டிரெய்லியர். அது தாங்கும் பெரிய பல் 27 அல்லது 28, சுருட்டிக்கொள்ளும் செயின் மொத்தம் 29 பல் அளவு. 53/39-க்குப் பின்னால் 11-32 போட்டால் முன் வித்தியாசம் 14, பின் வித்தியாசம் 21, ஆக 35. ஆகவே கேசட்டோடு டிரெய்லியரும் செயினும் வாங்க வேண்டும். ‘பின்னால் மட்டும்’ என்று தொடங்குவது அங்கே நிற்காது. முன்னால் 50/34 மாற்றிவிட்டுப் பழைய 12-25 கேசட்டையே வைத்தால் 16-உம் 13-உம் சேர்ந்து சரியாக 29. பின்னால் ஒன்றையும் தொடாமலே 39/28-ஐவிடச் சற்று இலேசான கியர் கையில் இருக்கும். கையில் காசு சேர்ந்த பிறகு நடுத்தரக் கூண்டு டிரெய்லியரும் 32 பல்லும் போட்டால் 60 சுற்றில் மணிக்கு 8 கிலோமீட்டர் வரை இறங்கலாம். நானும் அந்த ஒழுங்கில்தான் செய்தேன். 39-ஐ வைத்திருப்பவருக்கு 32-க்குப் பிறகு போக இடம் குறைவு.

மூன்று ரிங், அதாவது 50/39/30, மலைக்கென்றே செய்தது போலத் தோன்றும். 30/28 தரும் கியரும் 34/32 தரும் கியரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பின்னால் பல் வித்தியாசம் சிறிதாக இருப்பதால் கால் ஓட்டம் முறியாது, அது உண்மையான நன்மை. ஆனால் மாற்றும்போது இடது கை கியர் லீவர், முன் டிரெய்லியர், நீளக் கூண்டுப் பின் டிரெய்லியர், கிராங்கின் அச்சு சதுர முனை உள்ளது என்றால் இன்னும் நீளமான அச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். கீழ்க்குழாயில் லீவர் உள்ள பழைய சைக்கிளில் மட்டும் இடது லீவர் தப்பும், அது எத்தனை ரிங்குக்கும் இழுக்கும். ஷிமானோ 105 தொகுதி 2014-இல் 11 வேகத்துக்கு (பின்னால் 11 பல்சக்கரம்) மாறியபோதே மூன்று ரிங்கைக் கைவிட்டுவிட்டது. இனி வரும் காலத்தில் அதற்குச் சாமான் தேடுவது கூடுமே தவிரக் குறையாது.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தச் சாமான் விஷயம்தான். வாங்கும் விலையை எல்லோரும் பேசுகிறார்கள், சின்ன ரிங் தேய்வதைப் பற்றிப் பேசுவார் இல்லை. கொழும்பில் ஓடும் சைக்கிளில் சின்ன ரிங் சும்மா கிடக்கும். இங்கே உழைப்பதே அதுதான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கினிகத்தேனையிலிருந்து அட்டன், எங்கே ஏறினாலும் செயின் சின்ன ரிங்கில் கிடக்கும். அதே அழுத்தத்தில் மிதித்தால் 39 பல்லைவிட 34 பல்லில் செயின் இழுவை ஏறக்குறைய 15 சதவீதம் கூட, அதைப் பகிர்ந்துகொள்ளும் பல்லும் குறைவு. மேலே மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் சேர்ந்தவை. தோட்டத்து வீதியில் ஒரு தடவை இறங்கி வந்தால் செம்மண்ணும் எண்ணெயும் கலந்து செயினில் கருஞ்சாந்தாகப் பிடித்திருக்கும், விரலால் உருட்டிப் பார்த்தால் நறநறவென்று மணல் தெரியும். அந்தச் சாந்துதான் பல்லை அராவுகிறது.

ஆகவே 34 ரிங் தேயும், மாற்றவும் வேண்டிவரும். எங்கே கிடைக்கும் என்பதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். கிராங்க் மாற்றும்போது அட்டனில் எனக்கு வேலை செய்து தந்த சைக்கிள் பாஸிடம், “அண்ணே, மூணு ரிங் செட் ஒண்ணு மலிவா வருது, எடுக்கவா?” என்று கேட்டேன். “தம்பி, பூட்டுறது ஒரு நா வேல. தேஞ்ச பெறகு சாமானுக்கு எங்க போவீங்க? அஞ்சு கை நூத்திப்பத்து எடுங்க, எந்தக் கம்பெனி ரிங்கும் உக்காரும்” என்றார். அவர் சொன்னது சரி. ஐந்து கை 110 மி.மீ. வட்டம் பல கம்பெனிகள் பல்லாண்டு காலமாகச் செய்துவரும் அளவு. 34 கிடைக்காவிட்டால் 36 போட்டு ஓட்டலாம். நான்கு கைக் கிராங்கில் கைகளின் இடைவெளி சமமாக இல்லை, அதற்கென்று செய்த ரிங்தான் வேண்டும். கொழும்பு டாம் வீதிக் கடைகளில் ஒன்றுக்கு நாலு கடை ஏறி இறங்கத் தயார் என்றால் அதுவும் பரவாயில்லை.

ரிங்கின் ஆயுளை நீட்டுவது செயின்தான். எஃகு அடிமட்டத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்து 24 கண்ணி எண்ணினால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் ரிங்கும் கேசட்டும் சேர்ந்து போயிருக்கும். மழைக்காலத்தில் இந்த அளவை நான் தவறவிடுவதில்லை.

இறக்கத்தில் 50 போதுமா என்று கேட்பவர்களுக்கு: 50/11, 53/12-ஐவிடப் பெரிய கியர். 90 சுற்றில் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும். பஸ்ஸும் லொறியும் ஏறிவரும் இறம்பொடை வளைவுகளில் அதற்கு மேல் மிதிக்க இடமே இல்லை.

34-இல் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. 50-இலிருந்து 34-க்கு ஒரேயடியாக 16 பல் விழுகிறது. தலவாக்கலைப் பக்கம் போல ஏறி இறங்கி ஏறும் வீதியில் முன்னால் மாற்றிய கையோடு பின்னால் இரண்டு மூன்று படி சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றாவிட்டால் கால் வெறுமனே சுற்றும். பழகிக்கொள்ளலாம், ஆனால் 53/39-இல் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. செயின் உட்பக்கம் விழாமல் இருக்க முன் டிரெய்லியரையும் கீழே இறக்க வேண்டும். ஒரு பல்லுக்கு 2 மி.மீ. என்று 53-க்கும் 50-க்கும் 6 மி.மீ. இறக்கி, வெளித்தகட்டுக்கும் பல் நுனிக்கும் இடையில் 1 முதல் 3 மி.மீ. விட்டுப் பூட்டுங்கள். பழைய இடத்திலேயே விட்டுவிட்டு ‘கொம்பேக்ட் (50/34) சரியில்லை’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

46/30 பற்றி நண்பருடைய சைக்கிளைச் சிறிது தூரம் ஓட்டிய அளவில்தான் சொல்ல முடியும். 30/34 என்பது கால் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவு, அப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன தாண்டி லிப்டன் சீட் ஏறும் தோட்டத்து வீதிக்கு அது மெத்தச் சுகம். ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 46/30 கிராங்கில் ரிங்குகள் 2.5 மி.மீ. வெளியே தள்ளி இருப்பதால் அதற்குரிய முன் டிரெய்லியரும் வேண்டும். உங்கள் ஓட்டம் ஏ5, ஏ7 போன்ற பெரிய வீதிகளை விட்டுத் தோட்டத்து வீதிகளில்தான் அதிகம் என்றால், 34-ஐ வாங்கும் முன் அப்படி ஒன்றை இரவல் வாங்கி உங்கள் வீட்டுப் பக்கத்துச் செங்குத்தில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.